தும்பு எட்டும் தூரம்

மூன்று வருடமாக என் மடிக்கணினியில் ஒரு கோப்பு கிடக்கிறது. ஜோசப் கான்ராடின் 'தி எண்ட் ஆஃப் தி டெதர்' குறுநாவலைத் தமிழில் கொண்டுவர ஆரம்பித்து, நாற்பது பக்கத்தோடு நின்றுபோன கோப்பு. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் 'தலைப்பு பிறகு'. நாற்பது பக்கம் ஓடியும் தலைப்பு மட்டும் பிடிபடவில்லை. 'பொறுமையின் எல்லை' என்று வைத்தால் சீரியல் மாதிரி இருக்கிறது. 'கயிற்றின் முடிவு' என்றால் யாரோ தூக்கு மாட்டிக்கொள்ளப் போவதுபோலத் தொனிக்கிறது.

ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். அம்மா தாராபுரம் பக்கத்து கிராமத்தில் மாடு கன்றுகளோடு வளர்ந்தவர். "மேயறதுக்கு மாட்ட நீளமான கயித்துல கட்டி விடுவாங்கல்லம்மா, அதுக்கு என்ன பேரு?"

"தும்புன்னு சொல்லுவோங் கண்ணு. மொளக்குச்சி அடிச்சுத் தும்புல கட்டி விட்டுட்டா, தும்பு எட்டற வரைக்கும் மேஞ்சுட்டு நிக்கும். வட்டமா மேஞ்சு வெச்சிருக்கும் பாரு, கோலம் போட்டாப்பல."

தலைப்பு கிடைத்துவிட்டது என்று அப்போது நினைத்தேன். அது வேறொரு சிக்கலின் ஆரம்பம். இந்தக் கட்டுரை அந்தச் சிக்கலைப் பற்றியது.

*

முதலில் என் தவறொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு வாசிப்புக் கூட்டத்தில் கான்ராட் பற்றிப் பேசினேன். மாலுமியாக இருந்து எழுத்தாளரானவர் என்பதால், ஆங்கிலத்துக்குள் கப்பல் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று காட்டும் ஆசையில் 'தி பிட்டர் எண்ட்' என்ற தொடரை எடுத்தேன். கடைசிவரை, எவ்வளவு கசந்தாலும், என்ற பொருளில் இன்று ஆங்கிலத்தில் புழங்கும் தொடர். "இதுல கசப்பே இல்லீங்க. பிட்ஸ் என்றால் கப்பலின் தளத்தில் நட்டிருக்கும் கனமான கட்டைகள். நங்கூர வடத்தை அதில்தான் சுற்றிக் கட்டுவார்கள். வடத்தின் உள்முனைக்குப் பெயர்தான் பிட்டர் எண்ட்" என்று சொல்லி முடித்தேன். கூட்டத்தில் 'ஓ' என்றார்கள். அந்த 'ஓ' ஒரு போதை.

கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது மூத்த வாசகர் ஒருவர் கேட்டார்: "நல்லா இருந்துச்சு தம்பி. ஆனா அந்தக் கயித்து முனைலேருந்துதான் இந்த அர்த்தம் வந்துச்சுங்கறதுக்கு ஆதாரம் என்ன?"

என்னிடம் ஆதாரம் இல்லை. எங்கோ படித்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன்.

சொல் உண்மை, அதில் சந்தேகமே இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாக் குடியேற்றத்தோடும் போகஹாண்டஸ் கதையோடும் நமக்குத் தெரிந்த அதே கேப்டன் ஜான் ஸ்மித், 1627-இல் 'எ ஸீ கிராமர்' என்றொரு நூல் எழுதியிருக்கிறார். கப்பலுக்குப் புதிதாக வருகிறவனுக்கான கையேடு. பிட்ஸ் கட்டைகளில் நங்கூர வடத்தைப் போடும் சுற்றுக்குப் 'பிட்டர்' என்று பெயர் என்றும், வடத்தில் கப்பலுக்குள்ளேயே தங்கிவிடும் பகுதிதான் பிட்டரின் முனை என்றும் அதில் விளக்குகிறார். 240 ஆண்டுகள் கழித்து, 1867-இல் வெளிவந்த அட்மிரல் ஸ்மித்தின் மாலுமி அகராதியும் அதையே சொல்கிறது. வடம் அந்த முனைவரை வெளியே போய்விட்டால், இனி விட எதுவும் மிச்சமில்லை என்று கூடுதலாகச் சேர்க்கிறது. பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் இருவரும் வேறு வேறு ஆட்கள்.

ஆனால் எதிர்த்தரப்புக்கும் பலமான சாட்சி இருக்கிறது. 1611-இன் ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், நீதிமொழிகள் ஐந்தாம் அதிகாரத்தில், பரத்தையின் முடிவு ஒருவகைச் செடியைப்போலக் கசக்கும் என்று வருகிறது. தமிழ் விவிலியத்தில் அந்தச் செடி எட்டியாகியிருக்கிறது. முடிவு, கசப்பு, இரண்டும் ஒரே வாக்கியத்தில். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் விவிலியம் கேட்டு வளர்ந்த ஒரு சமூகம், 'கசப்பான முடிவு' என்று சொல்வதற்குக் கப்பல் ஏற வேண்டிய அவசியமில்லை. இன்றைய உருவகப் பொருளில் அந்தத் தொடர் பரவலாவது 19-ஆம் நூற்றாண்டில்தான். மாலுமியின் சொல்லுக்கும் அதற்கும் நடுவே இருநூறு ஆண்டு இடைவெளி. சொல்லாய்வாளர்கள் இந்த இடத்தில் தீர்ப்பு எழுதாமல் நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆங்கிலச் சொல்லாய்வாளர்களிடையே ஒரு கிண்டல் உண்டு. 'எல்லாவற்றுக்கும் கப்பல் மூலம் கற்பிக்கும் குழு' என்றொரு கற்பனைக் குழு. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'கேனூ', அதாவது சிறு தோணி, என்று வரும். 'பாஷ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குப் போகும்போது இடப்புறமும் திரும்பும்போது வலப்புறமும் வெயில் படாத அறை வாங்கிய பணக்காரர்களின் டிக்கெட்டில் இருந்த நான்கெழுத்து அது என்று ஒரு கதை சுற்றுகிறது. அப்படியொரு டிக்கெட்டை இதுவரை யாரும் காட்டியதில்லை. உலகத்துச் சொல்லெல்லாம் தமிழிலிருந்து போனது என்று குடும்ப வாட்ஸப் குழுவில் மாமா அனுப்பும் பட்டியலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. மாமாவைப் பார்த்துச் சிரிக்கும் நான், மைக் பிடித்துக்கொண்டு அதையேதான் செய்திருக்கிறேன்.

என் தொழிலில் இதற்கு ஒரு இணை உண்டு. ஒரு நிரலின் எந்த வரியை யார், எப்போது, எதற்காக எழுதினார்கள் என்று பின்னோக்கிப் பார்க்க வசதி இருக்கிறது. ஆனால் எட்டு வருடம் முன்பு அந்த வரி எதற்காக எழுதப்பட்டது என்பது, இன்று அது என்ன செய்கிறது என்பதைச் சொல்லாது. இரண்டும் இரண்டு கேள்விகள். சொற்களும் அப்படித்தான்.

*

அப்படியென்றால் அந்தக் கயிற்றுமுனையை விட்டுவிட வேண்டியதுதானா? வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. ஒரு சொல்லின் மூலத்தை நிரூபிக்க முடியாவிட்டாலும், அது குறித்த பொருளை உற்றுப் பார்ப்பதால் ஒரு நஷ்டமும் இல்லை. பார்த்தேன். அந்தப் பொருள் நான் நினைத்ததைவிடச் சுவாரசியமானது.

பாய்மரக் காலத்து நங்கூர வடம் சணலில் முறுக்கியது. பெரிய போர்க்கப்பல்களில் அதன் சுற்றளவே இரண்டடி. கோயில் தேர்வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பருமனான வடத்தை நங்கூரம் ஏற்றும் உருளையில் சுற்ற முடியாது. அதனால் ஒல்லியான இன்னொரு கயிற்றை வளையமாக உருளையில் ஓடவிட்டு, அதோடு வடத்தை அங்கங்கே சிறு கயிறுகளால் பிணைத்து இழுப்பார்கள். அந்த ஒல்லிக் கயிற்றுக்குப் பெயர் மெசெஞ்சர்.

நங்கூரம் கப்பலைப் பிடித்துவைப்பது அதன் எடையால் மட்டும் அல்ல என்பது எனக்குப் புதிய செய்தி. கடலின் ஆழத்தைப்போலப் பல மடங்கு நீளத்துக்கு வடத்தை வெளியே விட வேண்டும். அப்போதுதான் இழுப்பு தரையோடு தரையாக, கிடைமட்டமாக விழும். நங்கூரத்தின் அலகு மண்ணில் இறங்கும். வடம் குட்டையாக இருந்தால் இழுப்பு மேல்நோக்கிப் போய் அலகைப் பெயர்த்துவிடும். எனவே புயல் ஏற ஏற மாலுமி வடத்தை இன்னும் இன்னும் விட்டுக்கொடுக்கிறான். கட்டிப்போட வேண்டுமானால் நீளமாக விட வேண்டும். அப்படி விட்டுக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பிட்ஸ் கட்டையில் முனை மட்டும் நிற்கும். அதுதான் பிட்டர் எண்ட்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். ஒன்று, 'கடைசி முனை' என்றதும் நம் மனம் தூரத்தில் இருக்கும் முனைக்குப் போகிறது. கடலடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு. ஆனால் மாலுமிக்குக் கடைசி முனை வெளியே இல்லை. அவன் காலடியில், கப்பலுக்குள் இருக்கிறது. இரண்டு, அந்த முனையை அவிழ்க்க முடியும். இன்று இரும்புச் சங்கிலி வந்துவிட்டது. சங்கிலியின் உள்முனையை இப்போதும் அதே பெயரால்தான் அழைக்கிறார்கள். ஆபத்தென்றால் சட்டெனக் கழற்றிவிடும் வகையில்தான் அதைப் பொருத்துகிறார்கள். நங்கூரம் போய்விடும், சங்கிலியும் போய்விடும், கப்பல் பிழைக்கும். ஆங்கில மாலுமிகளின் பேச்சுவழக்கில் 'வடத்தை நழுவவிட்டான்' என்றால் செத்துப்போனான் என்று இன்னொரு பொருளும் உண்டு.

கயிறு என் வேலைக்குள்ளேயும் இருக்கிறது என்பதைத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். தினமும் நான் துழாவும் 'லாக்' கோப்புகளின் பெயர் கப்பலின் நாட்குறிப்பிலிருந்து வந்தது. அந்த நாட்குறிப்பின் பெயர், வேகம் அளக்கக் கடலில் போட்ட மரத்துண்டிலிருந்து. மரத்துண்டோடு கட்டிய கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணல் கடிகை காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டிப் போகிறதோ, அத்தனை 'நாட்' வேகம். இந்த மூலத்துக்கு ஏடு இருக்கிறது, தடம் இருக்கிறது. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

*

இப்போது கான்ராட்.

1857-இல் பிறந்த போலந்துக்காரர். 1874-இல் மார்சேய் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போனார். 1894 வரை, இருபது வருடம், மாலுமி வாழ்க்கை. போலிஷ், பிரெஞ்சுக்குப் பிறகு அவருக்கு மூன்றாவதாக வந்த மொழி ஆங்கிலம். அதுவும் இருபது வயதுக்கு மேல், கப்பல் தளத்தில் கேட்டும் புத்தகங்களில் படித்தும் கற்றது. இது என் வாதத்துக்கு முக்கியம். தாய்மொழியில் நாம் மரபுத்தொடர்களைப் பார்ப்பதே இல்லை, அவற்றின் வழியாக வேறெதையோ பார்க்கிறோம். 'தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே' என்று எத்தனை முறை சொல்லியிருப்போம். அம்மா சொல்லும்வரை தும்பு என்பது மாட்டுக் கயிறு என்று எனக்குத் தெரியாது. ஏதோ தும்பி, தும்பிக்கை என்று மங்கலாக நினைத்திருந்தேன். 'கயிறு திரிக்கிறான்' என்றால் பொய் சொல்கிறான் என்று தெரியும். கயிறு எப்படித் திரிப்பார்கள் என்று தெரியாது. இத்தனைக்கும் இந்தக் கயிறுதான் கடல் ஏறிப் போய் ஆங்கிலத்தில் தென்னைநாருக்கான 'காயர்' ஆகியிருக்கிறது. மலையாளக் கரையில் அவர்கள் கேட்ட சொல், நம்முடையதன் உடன்பிறப்பு.

தாமதமாக மொழி கற்றவனுக்கு மட்டும் கயிறு கயிறாகத் தெரியும். தமிழ்வழியில் படித்துப் பொறியியல் கல்லூரிக்குப் போன எனக்கு இது சொந்த அனுபவம். ஒரு ஆங்கில மரபுத்தொடரைக் கேட்டதும் மற்றவர்கள் அர்த்தத்தைக் கேட்பார்கள். நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எல்லோரும் சிரித்து முடித்தபிறகு சிரிப்பேன்.

கான்ராடுக்குக் கயிறுகளின் விஷயத்தில் சமரசமே கிடையாது. 1906-இல் வந்த 'தி மிரர் ஆஃப் தி ஸீ' நூலில், நங்கூரத்தை 'எறிந்தார்கள்' என்று எழுதும் பத்திரிகைக்காரர்கள் மீது அவர் பொரிந்து தள்ளுகிறார். நங்கூரத்தை யாரும் எறிவதில்லை, அது ஏற்கெனவே கப்பலுக்கு வெளியேதான் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதை விடுவிக்கிறார்கள், அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. ஒரு வினைச்சொல்லுக்காக இவ்வளவு சண்டை போடும் மனிதர், கிழட்டுக் கேப்டன் ஒருவரின் கதைக்குத் தலைப்பு வைக்கும்போது, கப்பலில் கிடந்த அத்தனை கயிறுகளையும் விட்டுவிட்டு மாட்டுக் கயிற்றை எடுக்கிறார். 'டெதர்' கப்பல் சொல் அல்ல. மேய்ச்சல் நிலத்துச் சொல்.

வழக்கில் இருந்த தொடர்தானே, அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயம்தான். சொல் மூலத்தை வைத்து நான் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவன். அதனால் கதையையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

*

1902-இல் 'பிளாக்வுட்ஸ்' இதழில் தொடராக வந்தது இந்தக் குறுநாவல். எழுதிக்கொண்டிருக்கும்போதே மேசைவிளக்கு வெடித்து ஒரு பகுதிக் கையெழுத்துப் பிரதி எரிந்துபோக, கெடுவுக்குள் கான்ராட் அதைத் திரும்ப எழுதினார். அதே ஆண்டில் 'யூத்', 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' இரண்டோடும் சேர்ந்து புத்தகமானது. பிந்தைய கதையின் நிழல் பெரிது என்பதால் இதை யாரும் அதிகம் கண்டுகொள்வதில்லை.

கேப்டன் வேலி ஒருகாலத்தில் பேர்போன மாலுமி. வரைபடத்தில் ஒரு தீவுக்கு அவர் பெயர், ஒரு கடற்பாறைக்கு அவர் கப்பலின் பெயர். சேமிப்பையெல்லாம் வைத்திருந்த திருவாங்கூர்–தக்காண வங்கி மூழ்கிவிடுகிறது. வங்கி கான்ராடின் கற்பனை. நம் பக்கத்துப் பெயரை அவர் ஏன் தேர்ந்தெடுத்தாரோ, எனக்கு ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. மிஞ்சியது சொந்தமான ஒரு சிறு பாய்மரக் கப்பல். மெல்போர்னில் முடங்கிக் கிடக்கும் கணவனோடு விடுதி நடத்தும் மகள் ஐவி 200 பவுண்ட் கேட்கிறாள். கப்பலை விற்கிறார். மகளுக்குக் கொடுத்ததுபோக 500 பவுண்டை, அவளுக்கென்று, தொடாமல் காப்பாற்ற வேண்டும். அதை 'சொஃபாலா' என்ற நீராவிக் கப்பலில் பங்காகப் போட்டு அதற்கே கேப்டனாகிறார். கப்பலின் முதலாளி மாஸி லாட்டரியில் விழுந்த பணத்தில் கப்பல் வாங்கியவன், அடுத்த லாட்டரிக்காகவே மூச்சுவிடுகிறவன்.

அதன்பிறகு வேலியின் பார்வை மங்க ஆரம்பிக்கிறது. அவர் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் வேலை போகும், அந்த 500 பவுண்டும் உடனே கைக்கு வராது.

இப்போது அந்தக் கப்பலின் பாதையைப் பாருங்கள். மாதம் ஒருமுறை, மலாக்காவில் ஆரம்பித்து, அதே துறைகள், அதே முகத்துவாரங்கள், திரும்பவும் அதே துறைமுகம். கண்டம் கண்டமாகப் போன மனிதர் தெருத்தெருவாகக் கூவி விற்பவர்போல ஒரே சுற்றைச் சுற்றுகிறார். கண் தெரியாமலே கப்பல் ஓட்ட முடிவதும் அதனால்தான். பாதை மனப்பாடம். அம்மா சொன்ன அந்த வட்டம் இதுதான். தும்பு எட்டும் தூரத்துக்குப் புல் தேய்ந்து கிடக்கும் வட்டம். தலைப்பில் இருப்பது வெறும் வழக்குத்தொடராக இருந்தால் கதையின் வடிவமே இப்படி வட்டமாக அமைந்திருக்காது.

நங்கூரமிட்ட கப்பலும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப வட்டமாகத்தான் திரும்பும். அப்படியானால் இரண்டு கயிற்றுக்கும் என்ன வித்தியாசம்? முனைதான். நங்கூர வடத்தின் உள்முனை கப்பலில் இருப்பவன் கையில். அவன் நீட்டலாம், சுருக்கலாம், வேறு வழியில்லை என்றால் கழற்றிவிடலாம். தும்பில் மாட்டின் பக்கத்து முனை அதன் கழுத்தில் இருக்கிறது. கழுத்தில் இருந்தும் அதை அவிழ்க்க மாட்டால் முடியாது. கேப்டன் வேலி தன்னை நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் என்று கடைசிவரை நினைத்துக்கொள்கிறார். கான்ராட் தலைப்பிலேயே வேறு கயிற்றைக் காட்டிவிட்டார். எனக்கு இந்தக் கதையின் மையம் இதுதான்.

*

இருபத்தைந்து வயதில் இதை முதன்முறை படித்தபோது வேலியை வணங்கினேன். மகளுக்காக இருட்டில் நிற்கும் தகப்பன். கண்ணில் நீர் வந்தது. மொழிபெயர்க்க வேண்டும் என்று தோன்றியதும் அதனால்தான்.

பிறகு போன வருடம் ஒரு சனிக்கிழமை. என் மகள், ஏழு வயது, சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்பா, தாத்தாவும் நானும் வண்டில போறப்ப ஒரு கேம் விளையாடுவோம். நான் முன்னாடி நின்னுட்டு, 'தாத்தா லெஃப்ட்ல லாரி, தாத்தா பைக்கு வருது'ன்னு சொல்லணும். சரியா சொன்னா சாக்லேட்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண் அழுத்த நோய். மருத்துவர் படம் போட்டுக் காட்டினார். நடுவில் தெளிவாக இருக்கும், ஓரங்கள் போய்க்கொண்டே வரும், போனது திரும்ப வராது. எட்டு மாதமாக அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. எட்டு மாதமும் காலையில் டிவிஎஸ் எக்ஸெல்லில் பேத்தியை முன்னால் நிறுத்திக்கொண்டு மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கு. அதே பாதை. மனப்பாடம்.

"ஏனுங்கப்பா சொல்லலை?" என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் கொஞ்சநேரம் கழித்து, "வண்டியும் ஓட்டலீன்னா அப்பறம் நான் இங்க எதுக்கு?" என்றார்.

குறுநாவலில் ஒரு இடம் இருக்கிறது. துணை அதிகாரி ஸ்டெர்ன், கேப்டன் பதவிக்குக் கண் வைத்திருப்பவன், மலாய் செராங் எப்போதும் கேப்டனின் பக்கத்திலேயே நிற்பதைக் கவனிக்கிறான். திமிங்கிலத்தின் கூடவே நீந்தும் சின்ன வழிகாட்டி மீன் அவன் நினைவுக்கு வருகிறது. யார் யாரை வழிநடத்துகிறார்கள் என்பது அந்தக் கணத்தில் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தை உவமையின் அழகுக்காக அடிக்கோடிட்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமை ராத்திரி அதைத் திரும்ப எடுத்தபோது உவமை தெரியவில்லை. வண்டியின் முன்னால் நின்றுகொண்டிருக்கும் என் மகள் தெரிந்தாள்.

இந்த முறை வேலி மேல் கோபம்தான் வந்தது. ஒரு கப்பல் நிறைய ஆட்கள். அவர்கள் யாரிடமும் கேட்காமல் அவர்கள் உயிரை எடுத்துத் தன் மகளின் 500 பவுண்டுக்கு ஈடு வைக்கிறார். இதற்குத் தியாகம் என்று பெயர் வைத்தால் செராங்குக்கு என்ன பெயர் வைப்பது? அவரிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை. கான்ராட் கூட அவர் தலைக்குள் போக அதிகம் முயல்வதில்லை. மாஸியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காப்பீட்டுப் பணத்துக்காகத் திசைகாட்டியின் பக்கத்தில் இரும்புத் துண்டுகள் போட்ட கோட்டைத் தொங்கவிட்டு, கப்பலைப் பாறைக்குத் திருப்பும் அவன் சதி, நாடகத்தனமானது. அந்தச் சதி வேலியைக் காப்பாற்றிவிடுகிறது என்பதுதான் என் பெரிய புகார். கப்பலை மூழ்கடித்தது வேறொருவன் என்று ஆகிவிட்டதால், வேலியின் மௌனம் என்ன செய்திருக்கும் என்ற கேள்வியை நாம் கேட்காமலே புத்தகத்தை மூடிவிட முடிகிறது. கதையின் பெரிய பலவீனம் இது.

ஆனாலும் கான்ராட் தன் கேப்டனை முழுதாக விடுவித்துவிடவில்லை. கடைசியில் மற்றவர்கள் படகில் இறங்க, வேலி இறங்க மறுக்கிறார். மாஸியின் கோட்டிலிருந்த இரும்புத் துண்டுகளை எடுத்துத் தன் சட்டைப் பைகளில் போட்டுக்கொள்கிறார். சாகத் தீர்மானித்தபின் உடம்பு தன்னையறியாமல் நீந்திப் பிழைக்கப் பார்த்துவிடக்கூடாது என்பதற்காக. வடத்தை நழுவவிட்டால் கப்பல் நங்கூரத்திலிருந்து விடுபட வேண்டும். இங்கே மனிதர் நங்கூரத்தையே பைக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டு போகிறார். கழற்றிவிட ஒரு முனை தன்னிடம் இருக்கிறது என்பது அவருக்குக் கடைசிவரை தோன்றவில்லை. 'எனக்குக் கண் தெரியவில்லை' என்ற மூன்று சொல்தான் அந்த முனை. அதை அவர் ஒரேயொரு நண்பரிடம், தோட்டக்காரர் வான் விக்கிடம் மட்டும் சொல்கிறார். மகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஐவி கடிதத்தைப் படிக்கும் காட்சியோடு கதை முடிகிறது. அப்பாவை நேசித்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. அவள் 200 பவுண்ட் கேட்டது உண்மை. ஆனால் தன் அப்பாவின் கண்ணை அவள் கேட்கவில்லை. கேட்காத கடனைத் தலையில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். மகனாக நின்று படித்தால் அந்தக் கடைசிப் பக்கம் கொடுமையானது.

*

தலைப்புச் சிக்கலுக்குத் திரும்ப வருகிறேன். 'டெதர்' என்பதற்குத் தும்பு சரியான சொல். அதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் வேலியின் கழுத்தில் இருக்கும் கயிறு எது என்று யோசித்துக்கொண்டே போனபோது, தமிழில் அதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருப்பது உறைத்தது. பாசம்.

பாசம் என்றால் கயிறு. எமன் வீசும் பாசக்கயிற்றில் அதே பொருள் இரண்டு முறை வருகிறது. சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்கிறது. பசு என்பது கட்டுண்ட உயிர், பாசம் அதைக் கட்டியிருக்கும் கயிறு, பதி இறைவன். நாம் தினமும் 'பாசமான அப்பா' என்று சொல்லும்போதும் அதே சொல்தான். இந்த மூலத்தை நான் கற்பிக்கவில்லை. சொல் வெளிப்படையாகவே இரண்டு பொருளையும் வைத்துக்கொண்டு நிற்கிறது. பிட்டர் எண்ட் விஷயத்தில் ஆங்கிலேயர்கள் கசப்பா கட்டையா என்று வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அன்பும் கயிறும் ஒரே சொல்லாகவே வந்து சேர்ந்திருக்கிறது. நாம் அதைக் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

சொல்லின் மூலம் எதையும் நிரூபிக்காது என்று நான் ஒத்துக்கொள்கிறேன். அந்த மூத்த வாசகர் கேட்டது சரியான கேள்வி. ஆனால் கயிற்றை உற்றுப் பார்த்ததால்தான் எனக்கு அதன் முனைகள் தெரிந்தன. எந்த முனை யாரிடம் இருக்கிறது என்று கேட்கத் தெரிந்தது. வேலியிடம் மட்டும் அல்ல, என் வீட்டிலும். "நான் இங்க எதுக்கு?" என்று அப்பா கேட்டாரே, அந்தக் கேள்விக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு பதில் எதையும் நான் அதுவரை அவருக்குக் கொடுத்திருக்கவில்லை. வேலி மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதி என்மேல் வந்திருக்க வேண்டியது.

வண்டிச் சாவி இப்போது என்னிடம். காலையில் தாத்தாவும் பேத்தியும் பள்ளிப் பேருந்து நிற்கும் தெருமுனைவரை நடந்து போகிறார்கள். இருநூறு மீட்டர்கூட இருக்காது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார். கேம் இன்னும் நடக்கிறது, சாக்லேட்டும் உண்டு. வாசலில் நின்று பார்க்கும் அம்மா ஒருநாள் சொன்னார்: "யாரு யாரக் கூட்டிட்டுப் போறாங்கன்னே தெரிய மாட்டேங்குது பாரு."

கோப்பைத் திரும்பத் திறந்திருக்கிறேன். நாற்பத்தொன்றாம் பக்கம் ஓடுகிறது. பெயரை மட்டும் மாற்றினேன்: 'தும்பு எட்டும் தூரம்'. சரிதானா என்று அப்பாவிடம் படித்துக் காட்டிக் கேட்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கினாலும் இப்போதெல்லாம் அவருக்குப் படிக்கச் சிரமம். நான்தான் படிக்க வேண்டும்.